அந்நியக் கணினியில் ஓடும் ஏஜென்ட்: எந்தக் காப்பு எதுவரை தாங்கும்?

மொபைல் ஏஜென்ட், அதாவது உரிமையாளர் தன் வேலைக்காக வெளியே அனுப்பும் மென்பொருள், தன் நிரலையும் இதுவரை சேர்த்த தரவையும் சுமந்துகொண்டு கணினிக்குக் கணினி தாவி ஓடுகிறது. இறங்கிய இடத்தில் அதற்கு ஒளிவுமறைவே இல்லை. ஹோஸ்ட், அதாவது அதை ஓட்டும் கணினி, அதைப் படிக்கலாம், திருத்தலாம், பழைய நிலைக்குத் திருப்பி மறுபடி ஓட்டலாம், அழித்தும் விடலாம். அழிப்பதற்கு எதிராக, பல நகல்களை வெவ்வேறு வழிகளில் அனுப்பி வைப்பதைத் தவிர உருப்படியான வழி கிடையாது. மற்றவற்றுக்கு வழிகள் உண்டு. ஆனால் ஏஜென்ட் சுமப்பது ரகசியமா, அல்லது கலப்படம் நடந்தது பிறகு தெரிந்தால் போதுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தெரிந்தால் போதும் என்றால் முடிவுகளைச் சங்கிலியாகக் கோப்பதே முதல் தேர்வு. இதில் இரண்டு வகை.

எளியது, மாறும் சாவி முறை. ஒவ்வொரு ஹோஸ்டிலும் கிடைத்த முடிவுக்கு அப்போதைய சாவியால் முத்திரைக் குறியீடு (யாராவது திருத்தினால் காட்டிக்கொடுக்கும் குறியீடு) போட வேண்டும். பிறகு சாவியை ஒருவழி ஹாஷில் (எதையும் சிறு எண்ணாகச் சுருக்கும், பின்னோக்கித் திருப்ப முடியாத கணக்கில்) கொடுத்து அடுத்த சாவியை எடுத்துக்கொண்டு, பழையதை அழித்துவிட்டு நகர வேண்டும். 4-ஆவது ஹோஸ்ட் கெட்டதானாலும் முதல் 3 முடிவுகளில் கைவைக்க முடியாது. ஆனால் அது தன் கையில் கிடைத்த சாவியிலிருந்து 5, 6-க்கான சாவிகளைக் கணக்கிட்டுவிடும். ஏஜென்ட் அதே ஹோஸ்டுக்குத் திரும்பி வந்தால் இடைப்பட்ட முடிவுகள் எல்லாம் அதன் கையில்.

வலுவானது, கார்ஜோத், அசோகன், கூல்சூ ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1998-இல் முன்வைத்த கையொப்பச் சங்கிலி. ஒவ்வொரு ஹோஸ்டும் தன் முடிவை உரிமையாளரின் பொதுச் சாவியால் பூட்டும்; திறக்க உரிமையாளரால் மட்டுமே முடியும். முந்தைய கண்ணியின் ஹாஷையும் அடுத்த ஹோஸ்டின் பெயரையும் சேர்த்துக் கையொப்பமிடும். நடுவில் ஒரு கண்ணியை மட்டும் உருவ முடியாது. ஆனால் 2-ஆவதும் 5-ஆவதும் கூட்டுச் சேர்ந்தால் கதை வேறு. 5-க்கு வந்த ஏஜென்ட்டை 2-க்கே திருப்பிவிட்டால், 2-ஆவது ஹோஸ்ட் 3, 4-இன் கண்ணிகளை வெட்டியெறிந்து, தன் கண்ணியில் அடுத்த ஹோஸ்டாக 5-இன் பெயரை எழுதிப் புதிதாகக் கையொப்பமிடும். சங்கிலி சுத்தமாகவே தெரியும். போக வேண்டிய ஹோஸ்ட்களின் பட்டியலை உரிமையாளர் முன்பே கையொப்பமிட்டு அனுப்பினால் இது பிடிபடும். முதல் கண்ணியில் நிரலின் ஹாஷையும் ஒருமுறை எண்ணையும் (ஒரு பயணத்துக்கு மட்டுமே பயன்படும் எண்) கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கண்ணிகளை வேறொரு ஏஜென்ட்டுக்கு மாற்றி ஒட்டலாம்.

இயக்கத் தடயத்தைப் பதிவு செய்து சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. கணக்கில் செய்த தில்லுமுல்லு அகப்படும். ஹோஸ்ட் பொய்யான உள்ளீட்டைக் கொடுத்திருந்தால் அகப்படாது. பதிவுகளும் பெருத்துக்கொண்டே போகும்.

ரகசியம் என்றால் போட்டி வன்பொருள் என்கிளேவுக்கும் (ஹோஸ்டே எட்டிப் பார்க்க முடியாதபடி சிப்புக்குள் ஒதுக்கிய பகுதி) மறைகுறிக் கணிப்புக்கும் (பூட்டிய தரவைத் திறக்காமலே கணக்கிடுவது)தான். ஆய்வாளர் கிரெய்க் ஜென்ட்ரி 2009-இல், எந்தக் கணக்கையும் இப்படிச் செய்ய விடும் முழு ஹோமோமார்ஃபிக் முறை சாத்தியம் என்று காட்டினார். கணக்கு அழகு. ஆனால் விடையும் பூட்டியபடியே வருவதால், 'விலை குறைவு, இங்கேயே வாங்கு' என்று ஏஜென்ட்டால் அந்த இடத்திலேயே தீர்மானிக்க முடியாது. தானே முடிவெடுக்கும் ஏஜென்ட்டுக்கு இது பெரிய ஊனம்.

என்கிளேவ் முடிவெடுக்க விடும், அதனால் என் ஓட்டு அதற்கே. இன்டெல்லின் என்கிளேவ் வசதியான எஸ்ஜிஎக்ஸின் தொடக்கச் சிப்புகளில் ஒதுக்கிய நினைவகம் 128 எம்பி. அதைத் தாண்டினால் வேகம் சரியும். 2018-இல் வெளிவந்த ஃபோர்ஷேடோ தாக்குதல் உள்ளே இருந்த சாவிகளையே உருவிக் காட்டியது. ஆகவே சான்றாய்வில் (என்கிளேவ் உண்மையானதா என்று தொலைவிலிருந்து சரிபார்ப்பதில்) ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் உள்ள மென்பொருள்) பதிப்பையும் பாருங்கள். சேமித்த பழைய நிலையை ஹோஸ்ட் மறுபடி ஊட்டாமலிருக்க, ஏறுமுக எண்ணி (கூட மட்டுமே முடியும், குறையாத எண்) ஒன்றை ஹோஸ்டுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் படித்துப் புரிந்துகொள்ளாதபடி நிரலைக் குழப்பி எழுதுவது அவகாசம் மட்டுமே தரும். எல்லா நிரலுக்கும் பொருந்தும் முழுமையான குழப்பல் இயலாது என்று 2001-இலேயே நிறுவியாயிற்று. சில நிமிடங்களில் காலாவதியாகும் டோக்கனுக்கு (தற்காலிக அனுமதிச் சீட்டுக்கு) அது போதும். உரிமையாளரின் கையொப்பச் சாவியை மட்டும் அதை நம்பி ஏஜென்ட்டுக்குள் வைக்காதீர்கள். விலைப்புள்ளிகளை ஏஜென்ட் கொண்டுவரட்டும், கையொப்பம் உரிமையாளரின் கணினியிலேயே விழட்டும்.