ஐஸ் ஒத்தடமா, வெந்நீர் ஒத்தடமா? வலிக்கும் இடமே சொல்லும்

அடிபட்டால் 48 மணி நேரம் வரை ஐஸ், அப்புறம் வெந்நீர். இந்தக் கணக்கு பலருக்கும் மனப்பாடம். மோசமான கணக்கு இல்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். அந்த இடம் வீங்கியிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா? அப்படியானால் குளிர் ஒத்தடம். வீக்கம் எதுவும் இல்லாமல் இறுக்கமாக, விறைப்பாக இருக்கிறதா? அப்படியானால் சூடு. மூன்றாம் நாளும் கணுக்கால் வீங்கிச் சூடாகவே இருந்தால், 48 மணி நேரம் முடிந்துவிட்டதே என்று வெந்நீர்ப் பையை எடுக்க வேண்டியதில்லை.

குளிர் பட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வலியைக் கடத்தும் நரம்புகளின் வேகமும் குறைந்து அந்த இடம் மரத்துப்போகும். சூடு இதற்கு நேர் எதிர். ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், விறைத்த மூட்டு சுலபமாக அசையும். புதிதாக வீங்கிய இடத்தில் சூடு வைத்தால் வீக்கம் ஏறுவதற்கும் காரணம் இதே ரத்த ஓட்டம்தான்.

ஐஸைப் பற்றி மருத்துவ உலகமே கொஞ்சம் மனம் மாறியிருக்கிறது. ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்ற பெயரில் 1978-இல் முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல வருடங்கள் கழித்து அவரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கமும் சூடும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையின் ஒரு பகுதி என்பதுதான் அவர் சொன்ன காரணம். இத்தகைய காயங்களுக்கென 2019-இல் வெளிவந்த 'பீஸ் அண்ட் லவ்' என்ற புதிய வழிமுறையில் ஐஸுக்கு இடமே இல்லை. அதற்காக ஐஸைத் தூக்கி எறிய வேண்டாம். சுளுக்கிய முதல் இரண்டு நாளில் வலி தாங்க முடியாதபோது 10 முதல் 15 நிமிடம் வைத்தால் நன்றாகவே அடங்கும். வலிக்காக வையுங்கள், சீக்கிரம் குணமாகும் என்ற நம்பிக்கையில் மணிக்கணக்காக வைக்காதீர்கள். கவுட் எனப்படும் மூட்டு வாதம் திடீரென்று கிளம்பிப் பெருவிரல் சிவந்து வீங்கினால் அங்கேயும் குளிர்தான் இதம். சூடு வேண்டாம்.

மற்ற பெரும்பாலான அன்றாட வலிகளில் வெந்நீர் பக்கம்தான் என் ஓட்டு. கழுத்துப் பிடிப்பு, நாள் முழுக்க உட்கார்ந்ததால் வந்த முதுகு இறுக்கம், காலையில் எழுந்ததும் மடக்க முடியாத விரல்கள் எல்லாம் சூட்டுக்கே இணங்கும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றில் சூடு இருக்கிறது, ஐஸ் இல்லை. மாதவிடாய் வலிக்குச் சூடு தரும் நிவாரணம் இன்னும் பெரிது. சுமார் 39 டிகிரி சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்தவர்களையும் ஐபுப்ரூஃபன் என்ற வலி மாத்திரை சாப்பிட்டவர்களையும் 2001-இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. இரண்டு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிவாரணம். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கண்கட்டிக்கும் வெதுவெதுப்பான ஈரத் துணிதான்.

சரி, எதில் வைத்துக் கொடுப்பது? வேறுபாடு இங்கேதான் அதிகம். ஜெல் பேக் வசதியானது, வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஃப்ரீசரின் வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி. அதிலிருந்து எடுத்த ஜெல் பேக் தொடக்கத்தில் ஐஸைவிடக் குளிராக இருக்கும், வெறும் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். ஐஸ் கட்டியோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பையில் கட்டினால், கட்டி கரையும் வரை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நிற்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். எதுவானாலும் நடுவில் ஒரு துணி வேண்டும். முழங்கையின் உள்பக்கத்திலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் அங்கே இன்னும் குறைந்த நேரம் போதும்.

சூட்டுக்கு ரப்பர் பையா, எலெக்ட்ரிக் ஹீட்டிங் பேடா? ரப்பர் பைதான். அது தானாக ஆறிவிடும், அதுவே பாதுகாப்பு. ஹீட்டிங் பேட் ஒரே சூட்டில் நிற்பதால், மறந்து தூங்கிவிட்டால் ஆபத்து. 44 டிகிரி சூடு கையால் தொட்டால் சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் ஒரே இடத்தில் 6 மணி நேரம் இருந்தால் தோலைச் சுட்டுவிடும். தினமும் வைப்பவர்களுக்குத் தோலில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் விழுவதும் உண்டு. ஹீட்டிங் பேட்தான் வேண்டும் என்றால் தானாக அணையும் வசதி உள்ளதாக வாங்குங்கள்.

ரப்பர் பையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது. 60 டிகிரி தண்ணீர் 5 நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், பை எப்போது கிழியும் என்று சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். பல பைகளில் பூ மாதிரி ஓர் அச்சு இருக்கும். நடுவில் உள்ள எண் பை தயாரான வருடம். இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்தியதை மாற்றிவிடுவது நல்லது.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் அந்தக் காலில் இரண்டையுமே வைக்க வேண்டாம். சுடுவதோ உறைவதோ அவர்களுக்குத் தெரியாது. குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேனோ பிரச்சினை உள்ளவர்களுக்கு ஐஸ் கூடாது.

ஒத்தடமே கொடுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய சமயங்களும் உண்டு. கால் மடங்கிய பிறகு நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்க்கவே கூடாது. வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் வலித்துக் காய்ச்சலும் இருந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், வெந்நீர்ப் பையை அங்கே வைக்காதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளின் உள்பக்கம் மரத்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.