டீசல் காரும் பத்து நிமிசச் சூடும்: நாலு வருச அனுபவம்

"ஏனுங்க மச்சான், காலையில வண்டிய எத்தன நிமிசம் ஓடவிட்டு எடுக்கறீங்க?" மச்சினன் போனில் கேட்டான். தாராபுரத்தில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஒரு பழைய டீசல் காருக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான். அதே மாடல்தான் என்னிடமும் இருக்கிறது. நாலு வருசம், 71,000 கிலோமீட்டர். போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுதுகிறேன்.

இழுவை, மைலேஜ் எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. எனக்குச் சொல்ல இருப்பது புகை வடிகட்டி அடைத்தால் டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி.

எங்கய்யன் பெட்ரோல் அம்பாசிடர் ஓட்டிப் பழகியவர். சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் சீராகும் வரை காத்திருந்தே ஆகவேண்டும். அவசரப்பட்டால் தோட்டத்துக் கேட்டைத் தாண்டுவதற்குள் நின்றுபோகும். அதே பழக்கத்தில் இந்த வண்டியையும் மார்கழிக் குளிரில் பத்து நிமிசம் ஓடவிட்டு, காப்பி குடித்துவிட்டு, கோபிக்கு 6 கிலோமீட்டர் போய் வருவார். "இரும்பு சூடாகாம எடுத்தா தேஞ்சுரும் கண்ணு" என்பார். அக்கறையில் சொன்னது. நானும் அப்படியேதான் செய்தேன்.

இரண்டாம் வருசம் விளக்கு எரிந்தது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி அடைத்துவிட்டது. அந்தக் கரி எரிந்து போக ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் டீசல் எஞ்சின் தானே லேசில் சூடாகாது, சைலன்சர் பக்கம் எங்கே சூடேறும்? கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலைப் பீய்ச்சும்போது, கோபி வந்துவிட்டது என்று நாம் அணைத்துவிடுகிறோம். எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடுகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி நின்றது ஆயில், டீசல் வாடையோடு. அன்றைக்கு வயிறு கலங்கிப்போனது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிக் கரியை எரித்து, ஆயில் மாற்றி, 11,000 ரூபாய்.

தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க என்று விற்கும்போது ஒருத்தர் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கையேட்டில் எல்லாம் இருக்கிறது என்பதும் உண்மைதான், நான்தான் விளக்கு எரிந்த பிறகு படித்தேன்.

இப்போது சாவி போட்டதும், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும்போது எரியும் சுருள் விளக்கு அணையும் வரை பொறுப்பேன். ஸ்டார்ட் செய்து பெல்ட் மாட்டி, கண்ணாடி சரிசெய்வதற்குள் அரை நிமிசம் ஆகிவிடும். ஆயில் மேலே ஏற அது போதும். இதில் ஊற்றும் 5டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயில் நம்மூர்க் குளிருக்கெல்லாம் உறைந்து நிற்பதில்லை. கிளம்பின பிறகு முதல் நாலைந்து கிலோமீட்டர் எஞ்சின் சுற்று நிமிசத்துக்கு 2,000-ஐ (ஆர்பிஎம்) தாண்டும்படி மிதிப்பதில்லை. ஓடும் எஞ்சின்தான் சீக்கிரம் சூடாகும், கூடவே கியர்பாக்ஸும் டயரும். டிசம்பரில் ஊட்டியில் தங்கிய காலையில் கண்ணாடியெல்லாம் பனி. அங்கேயும் அதைத் துடைக்கிற நேரம் மட்டும்தான் ஓடவிட்டேன்.

மாசம் இரண்டு ஞாயிறு பெருந்துறையிலிருந்து செங்கப்பள்ளி தாண்டி பைபாஸில் 80-ல் விடாமல் ஓட்டுகிறேன். விளக்கு மறுபடி எரியவில்லை. ஆனால் ஒரு வடிகட்டிக்காக டீசல் போட்டு வேலையில்லாமல் சுற்றுவது ஒவ்வொரு முறையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

திம்பம் மலையில் மட்டும் அந்த எரிச்சல் மறந்துபோகும். அஞ்சு பேரும் பையும் பாத்திரமுமாக, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. அந்த இழுவைக்காகவே இதை விற்க மனசு வராது. மேலே போனதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிசம் ஐடிலில் விடுவேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஆறவேண்டும். காத்திருக்க வேண்டியது அங்கேதான்.

இவ்வளவு சொல்லிவிட்டும், மாப்ளை, நீ இதை வாங்காதே. வீட்டிலிருந்து மில்லுக்கு உனக்கு 4 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி பாரு, அதுக்கும் அரை நிமிசம் போதும். மனசு கேட்காமல் தாராபுரத்துக்குப் போனால், நாம வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போ. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி, அளவைப் பார்த்து, மோந்தும் பாரு. டீசல் வாடை அடித்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் பஸ் ஏறிவிடு.