சோயா இலை மஞ்சளாகும் வாரம்: மான் தீவனத் திட்டில் மூடுபயிரை எப்போது தூவுவது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்பகுதியில் மே மாதம் விதைத்த சோயா, செப்டம்பர் முதல் பாதியில் மஞ்சளிக்கத் தொடங்கும். கோடை முழுவதும் அதன் பசும் இலையை மேய்ந்து வந்த வெள்ளைவால் மான்கள், இலை நிறம் மாறிய சில நாட்களிலேயே அந்த நிலத்தைக் கைவிட்டு, ஓக் மரங்களின் அடியில் உதிரும் கொட்டைகளைத் தேடிப் போய்விடுகின்றன; முற்றிக் காய்ந்த சோயாக் காய்களுக்காக அவை திரும்பி வருவது பெரும்பாலும் குளிர் இறுகிய பிறகுதான். அம்மாநிலத்தில் வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்றும் துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 அன்றும் தொடங்குகின்றன. ஆகவே, நிலத்துக்காரர் மான்களைத் தம் நிலத்தில் காண விரும்பும் ஆறேழு வாரங்களிலேதான் அங்கே பச்சை என்று சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் சோயாவுக்குள்ளேயே மூடுபயிர் விதையை, அதாவது முதன்மைப் பயிர் ஓய்ந்த பின் நிலத்தைப் பசுமையாக மூடி நிற்கும் பயிரின் விதையை, தூவிவிடுவது இந்த இடைவெளியை அடைக்கும் வழி.

இங்கே தீவனத் திட்டு என்பது, அறுவடைக்காக அல்லாமல் மான், வான்கோழி போன்ற காட்டுயிர்கள் தின்பதற்கென்றே பயிரிடப்படும், அரை ஏக்கரிலிருந்து இரண்டு மூன்று ஏக்கர் வரையிலான துண்டு நிலம். மான்களிடையே பரவும் நோய்களைக் கருதி, மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் மானுக்கு இரை கொட்டி ஈர்ப்பது 2019 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நிலத்தில் வேரூன்றி வளரும் பயிர் அந்தத் தடைக்குள் வராது என்பதால், விதைப்பைச் சரியாகச் செய்ய வேண்டிய தேவை அங்கே கூடியிருக்கிறது.

எதைத் தூவுவது என்பதைவிட எப்போது தூவுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். மூன்று காலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன: ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, சோயா இலை மஞ்சளிக்கும் செப்டம்பர் முதல் பாதி, இலை முழுவதும் உதிர்ந்த பின் வரும் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும். நம் மாதக் கணக்கில் சொன்னால் ஆடி, ஆவணிக் கடைசி, புரட்டாசி.

முதலில் ஆடி விதைப்பு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற நம் ஊர்ப் பழமொழி, முற்றிலும் வேறான தட்பவெப்பத்தைக் கொண்ட மிச்சிகனில், கடுகுக் குடும்பத்துப் பயிர்களுக்குத் தற்செயலாக அப்படியே பொருந்துகிறது. கிழங்கு தரும் டர்னிப், இலைத் தீவனமான ரேப், தீவன முள்ளங்கி ஆகியவை முழு வளர்ச்சி பெற 60 முதல் 90 நாட்கள் தேவைப்படுகின்றன. தென் மிச்சிகனில் முதல் உறைபனி அக்டோபர் முதல் பாதியில் எதிர்பார்க்கப்படுவதால், ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் விதைத்தால்தான் கிழங்கு திரள்கிறது. பனிக்குப் பிறகு இலையின் காரம் தணிந்து இனிப்பு ஏறுவதால் மான்கள் அப்போது அதை விரும்பித் தின்கின்றன என்பது வேட்டைக்காரர்களிடையே பரவலான அனுபவம். பிற தீவனம் குறைந்த டிசம்பரில் தரையிலேயே கிடக்கும் டர்னிப் கிழங்கு பெரிய வரம்.

ஆனால் இந்த வாதமெல்லாம் வெற்று நிலத்தில் விதைப்பவருக்குத்தான் பொருந்தும். ஆகஸ்ட் தொடக்கத்துச் சோயாவோ இடுப்புயரம் வளர்ந்து, வரிசைகள் ஒன்றோடொன்று கைகோத்து, நிலத்தில் வெயில் விழாதபடி கூரை போட்டு நிற்கும். அந்த நிழலில் முளைக்கும் டர்னிப் நாற்று, வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு, மூன்றாம் இலை விடும் முன்பே சரிந்துவிடும். முளைக்கவில்லை என்றால் விதையைக் குறை சொல்லலாம். இங்கே முளைத்த பிறகு சாகிறது. எனவே ஆடி விதைப்பு ஓரிடத்தில் மட்டுமே நியாயமாகிறது: மான்கள் கோடையிலேயே சோயாவைக் கடித்துக் கட்டையாக்கிய திட்டுகளிலும் ஓரங்களிலும். ஒரு ஏக்கருக்கும் குறைந்த திட்டில், சுற்றிலும் காடும் மான் நெருக்கமும் இருந்தால், பாதிச் சோயா இந்த நிலைக்கு வந்துவிடுவது அரிதல்ல. அப்படிப்பட்ட திட்டில் வெயில் தரையைத் தொடும் இடங்களில் மட்டும் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ என்ற கணக்கில் கடுகுக் குடும்ப விதையைத் தூவிவிட்டு, கூரை மூடிய இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஆவணிக் கடைசியில் தூவும் முறைதான் இந்த மூன்றில் நுட்பமானது. கீழ் இலைகள் மஞ்சளித்து, பத்தில் ஒரு இலை உதிரத் தொடங்கும்போது விதையைத் தூவினால், அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் இலைகள் உதிர்ந்து விதையின்மேல் மெல்லிய போர்வையாக விழுகின்றன. அந்தப் போர்வை ஈரத்தைக் காக்கிறது, பறவைகளின் கண்ணிலிருந்து ஓரளவு மறைக்கிறது, அதே நேரத்தில் கூரையைத் திறந்து வெளிச்சத்தையும் உள்ளே விடுகிறது. உழவில்லை, சக்கரமில்லை, தோளில் மாட்டிக் கையால் சுழற்றும் விதைப்பான் ஒன்று போதும்.

காவிரிப் படுகையைச் சேர்ந்த வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. தாளடி, சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நின்ற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தூவும் நெல் தரிசுப் பயிர் முறை இதே சிந்தனையில் பிறந்ததுதான்: முன்பயிர் வெளியேறும் முன்பே பின்பயிரை உள்ளே விடுவது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. தஞ்சையில் நெல் வயல் விட்டுச்செல்லும் ஈரமே உளுந்தை முளைக்க வைக்கிறது. மிச்சிகனில் செப்டம்பர்ச் சோயா நிலத்தில் அப்படி ஒரு சேமிப்பு இல்லை; முதிரும் பயிர் மேல்மண்ணின் நீரை ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும். ஆகவே அங்கே விதை வானத்தை நம்பிக் கிடக்கிறது. பனித்துளியின் ஈரத்தில் வாய் திறந்த விதை, அடுத்த நான்கு நாள் வெயிலில் காய்ந்தால் திரும்ப முளைக்காது. தூவிய ஒரு வாரத்துக்குள் அரை அங்குலம் மழை எதிர்பார்க்கப்படும் நாளைத் தேர்வதுதான் இம்முறையின் உயிர்நாடி. இலையின் நிறம் ஒரு வார அவகாசத்தைக் காட்டுகிறது. அந்த வாரத்துக்குள் நாளை மழைதான் குறிக்க வேண்டும்.

இந்தக் காலத்துக்கு ஏற்றவை ஓட்ஸ், குளிர் தாங்கும் தானியமான ரை, சிறிதளவு முள்ளங்கி. டர்னிப் கிழங்கை இனி எதிர்பார்க்க முடியாது, முள்ளங்கியும் இலைக்காகத்தான். ஓட்ஸ் விரைவாக வளரும், மான்கள் அதை மிக விரும்பும், ஆனால் வெப்பநிலை மைனஸ் 6, 7 பாகை செல்சியஸுக்கு இறங்கும் இரவுகளில் சாகத் தொடங்கும். ரை அதற்கு நேர் எதிர்: சுவையில் ஓட்ஸுக்குக் கீழே, உறுதியில் எல்லாவற்றுக்கும் மேலே. இரண்டையும் சேர்த்துத் தூவினால் அக்டோபரை ஓட்ஸும், நவம்பரின் பிற்பகுதியையும் அடுத்த ஏப்ரலையும் ரையும் பார்த்துக்கொள்கின்றன. குளோவர் என்னும் பயறுக் குடும்பத் தீவனச் செடியை இதனோடு சேர்ப்பவர்கள் உண்டு; செப்டம்பர் நடுப்பகுதி தாண்டிவிட்டால், அது வேரூன்றும் முன்பே உறைபனி வந்துவிடும் என்பதால், என் கணக்கில் அந்த விதைச் செலவு வீண்.

ரை என்னும் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. தானியப் பயிரான ரையும், புல்வகையான ரைகிராஸும் வெவ்வேறு பேரினங்கள். கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று ரைகிராஸ் விதையை வாங்கித் தூவியவர், பின்னர் அதைத் திட்டிலிருந்து ஒழிக்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருக்கும். பையின் மேல் எழுதியிருப்பதை முழுவதும் படிப்பது நலம்.

புரட்டாசி விதைப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது முதன்மையாக ரைக்கு உரிய காலம். உறைநிலைக்குச் சற்றே மேலான மண் வெப்பத்திலும் முளைக்கக்கூடிய தானியம் அது ஒன்றுதான் என்று சொல்லுமளவுக்கு மற்றவை பின்தங்கிவிடுகின்றன. இலைப்போர்வை ஏற்கெனவே விழுந்துவிட்டதால் விதை அதன்மேல் தங்கி, மண்ணைத் தொடாமல் போகும் ஆபத்து அதிகம். எனவே ஏக்கருக்கு 25 கிலோ போதும் என்றிருந்த இடத்தில் 45, 50 கிலோ வரை தேவைப்படும். பலன் வேட்டைப் பருவத்தில் விரல் நீளப் பசுமைதான். ஆனால் வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் தலைதூக்குவதும் அதுவே. கோதுமையையும் இக்காலத்தில் விதைக்கலாம். உண்மையில் அதை முன்கூட்டி விதைப்பதுதான் தவறு. ஹெசியன் ஈ என்னும் பூச்சி முட்டையிடும் காலம் கழிந்த பிறகே குளிர்காலக் கோதுமையை விதைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். தென் மிச்சிகனில் அது செப்டம்பர் நடுப்பகுதியைத் தாண்டியே வருகிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரிட்டன் தரப்பில் போரிட்ட ஜெர்மானியர்களான ஹெசியப் படைவீரர்களின் வைக்கோல் படுக்கையோடு வந்த ஈ என்று நம்பப்பட்டதால் அதற்கு அப்பெயர்.

இம்மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இலை மஞ்சளிக்கும் வாரத்தையே தேர்வேன். அதுவும் ஓட்ஸை நம்பி அல்ல, ரையை அடிப்படையாக வைத்து. காரணம், ஆடி விதைப்பு தோற்றால் அதைச் செப்டம்பர் வரை அறிய முடியாது, அறியும்போது கிழங்குக்கான நாட்கள் போயிருக்கும். இலை மஞ்சளிக்கும் வாரத்து விதைப்பு தோற்றால், இரண்டு வாரத்தில் கண்ணால் பார்த்துவிட்டு, புரட்டாசியில் ரையை மீண்டும் தூவ இடமிருக்கிறது. சோயாவுக்குப் பதில் மக்காச்சோளம் நிற்கும் திட்டில் கணக்கு மாறும்: அதன் இலைகள் காய்ந்து வெளிச்சத்தை விடுமே தவிர, சோயாபோல் உதிர்ந்து போர்வையாவதில்லை, கோடையில் அட்ரசின் களைக்கொல்லி தெளித்திருந்தால் அதன் எச்சம் மண்ணில் தங்கி, பின்னர் முளைக்கும் ஓட்ஸையும் கடுகுக் குடும்பத்தையும் தாக்கக்கூடும். சோயாவுக்குத் தெளிக்கும் இமசெதபிர் போன்ற களைக்கொல்லிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். விதைப்புக் காலத்தைக் குறை சொல்லும் முன், கோடையில் தெளித்த மருந்தின் உறையில் அடுத்த பயிருக்கான இடைவெளி எத்தனை மாதம் என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஆண்டையும் இப்போதே எண்ண வேண்டியிருக்கிறது. ஓட்ஸும் முள்ளங்கியும் குளிரில் தாமே மடிந்து நிலத்தைக் காலி செய்துவிடும். ரை அப்படிப் போகாது. மே மாதக் கடைசியில் ஆளுயரம் வளர்ந்து, பூ மகரந்தம் உதிர்க்கும்போது உருளையால் நசுக்கியோ மருந்து தெளித்தோ அதை முடித்தாக வேண்டும். நசுக்கிய வைக்கோலுக்குள் புதிய சோயாவை விதைப்பவருக்கு அதுவே களையடக்கும் மூடாக்கு. உருளையும் இல்லை, மருந்தும் தெளிக்க மாட்டேன் என்பவர் ரையின் அளவைக் குறைத்து ஓட்ஸைக் கூட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது மானைப் பற்றியதல்ல, பறவையைப் பற்றியது. வலசைப் பறவைகளைத் தானியம் தூவி ஈர்த்துச் சுடுவதை அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் தடைசெய்கின்றன. மண்ணால் மூடாமல் மேலே கிடக்கும் விதை, மாநில வேளாண் விரிவாக்க வல்லுநர்களின் பரிந்துரைப்படி செய்த வழக்கமான விதைப்பாக இல்லாவிட்டால் இரையாகவே கருதப்படலாம். தானியம் முற்றிலும் நீங்கிய பின்னும் பத்து நாட்களுக்கு அந்த இடம் இரையிட்ட இடமாகவே இருக்கும். மிச்சிகனில் காட்டுப்புறா வேட்டையை 2006 வாக்கெடுப்பில் மக்களே நிராகரித்துவிட்டதால் அங்கே சிக்கல் வாத்தோடும் வாத்துப்போன்ற பெரிய கூஸ் பறவைகளோடும் நிற்கிறது; தெற்கே இந்தியானா, ஒஹாயோவில் செப்டம்பர் 1 அன்றே புறாப் பருவம் திறப்பதால், மஞ்சள் இலை விதைப்பும் அதுவும் ஒரே வாரங்களில் மோதுகின்றன. திட்டில் மானை மட்டும் எதிர்பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல. துப்பாக்கியோடு வரும் விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தூவும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. சுழல் விதைப்பானில் கனமான ரை தொலைவில் விழும், இலேசான உமியோடு கூடிய ஓட்ஸ் அருகில் விழும், சிறிய முள்ளங்கி விதை பைக்குள்ளேயே அடியில் இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டாமல், தானியத்துக்கு ஒரு நடையும் சிறுவிதைக்கு ஒரு நடையும் தனித்தனியே நடப்பது நல்லது. இலைகளில் பனி ஈரம் இருக்கும் காலையில் தூவினால் சிறுவிதை இலையிலேயே ஒட்டிக்கொண்டு தரைக்கு வராது. எனவே பிற்பகலே சரி.

எல்லாம் செய்தும் மழை பொய்த்து, புரட்டாசி ரையும் கைவிட்டால், மார்ச்சில் இன்னொரு வாய்ப்பு வருகிறது. இரவில் உறைந்து பகலில் இளகும் மண் அந்த வாரங்களில் தேன்கூடுபோல் வெடித்திருக்கும். விடியற்காலையில் அதன்மேல் ஏக்கருக்கு நான்கு கிலோவளவு சிவப்புக் குளோவரைத் தூவினால், மண்ணே அதை விழுங்கிக்கொள்ளும். அது அந்த நவம்பர் வேட்டைக்கு உதவாது. மே மாதத்துக் குட்டியீனும் பெண்மானுக்கு உதவும்.