கிராஃபிஷ் ஃபிளை கட்டும் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு: டங்ஸ்டன் என்ற பெயரில் பித்தளை

இணையத்தில் கிராஃபிஷ் ஃபிளை (நன்னீரில் வாழும், சிறு லாப்ஸ்டர் போன்ற கிராஃபிஷின் உருவில் தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை) கட்டுவதற்கான முழுத் தொகுப்பு என்று விற்கப்படும் பெட்டியை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீண்ட தண்டுள்ள தூண்டில் முட்கள், டங்ஸ்டன் டம்பெல் கண்கள் (எடைக்காகக் கட்டும், இருமுனையும் குண்டான சிறு உலோகத் துண்டுகள்), முயல் தோல் பட்டை, பஞ்சுபோன்ற செனில் நூல், மீசைக்கான ரப்பர் இழை, கட்டி முடித்த மாதிரி ஒன்று ஆகியவை அடங்கியது என்ற விளம்பரத்தைப் பார்த்து நான் வாங்கிய பெட்டியில் பெயரளவில் எல்லாமே இருந்தன. சொன்ன தரத்தில் இருந்தவை செனில் நூலும் ரப்பர் இழையும் மட்டுமே.

பெரிய மோசடி எடையில்தான். கிராஃபிஷ் நீரின் அடித்தளத்தில் கற்களுக்கிடையே வாழ்வதால், அதைப் போலக் கட்டும் ஃபிளை விரைந்து மூழ்கித் தரையைத் தொட வேண்டும். டம்பெல் கண்களை முள்ளின் காதருகே, அதாவது தூண்டில் நரம்பு கட்டும் துளையருகே, தண்டின் மேற்புறத்தில் கட்டுவதும் இதற்காகத்தான்; அந்தப் பாரத்தால் ஃபிளை நீருக்குள் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கி இருப்பதால், கற்களில் சிக்குவதும் குறைகிறது. நான் கட்டிய ஃபிளையோ அதே அளவு ஈயக் கண் வைத்ததைவிட மெதுவாக இறங்கியது. கன சென்டிமீட்டருக்கு டங்ஸ்டன் 19.3 கிராம், ஈயம் 11.3 கிராம், பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம் என்பதால், டங்ஸ்டன் ஈயத்திடம் தோற்க வழியே இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நுண்ணிய எடைகாட்டும் தராசில் கண்கள் அனைத்தையும் சேர்த்து எடை குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நீர் நிரம்பிய குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கண்களை மெல்லிய நூலில் கோத்து, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே அவற்றின் கனஅளவு. முதல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எனக்கு வந்த விடை எட்டரையை ஒட்டியே இருந்தது. டங்ஸ்டன் கலவை என்று சமாதானம் சொல்வதற்கும் அது மிகக் குறைவு. கறுப்புப் பூச்சைச் சுரண்டியபோது மஞ்சள் உலோகம் பல்லிளித்தது. காந்தத்தை நம்ப வேண்டாம், பித்தளையை அது காட்டிக்கொடுக்காது.

முட்களும் தேறவில்லை. முள்ளைப் பிடித்துவைக்கும் இடுக்கியான வைஸில் பொருத்திக் காதுப்பக்கத்தை விரலால் லேசாக அழுத்திவிட்டால், நல்ல முள் பழைய நிலைக்கே திரும்பும். இவை வளைந்தபடியே நின்றன. கொடுக்குகளுக்கு மயிர் நீளவாக்கில் படிந்திருக்கும் பட்டை தேவை. அனுப்பப்பட்டதோ மயிர் குறுக்காகப் படியும்படி வெட்டியது. அது தண்டைச் சுற்றி உடல் அமைக்க உதவுமே தவிர, கொடுக்காக நீண்டு அசையாது.

மாதிரியாக வந்த ஃபிளையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆபத்தைக் கண்ட கிராஃபிஷ் வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாய்கிறது. ஆகவே அமெரிக்க ஃபிளை வடிவமைப்பாளர் பாப் கிளவுசர் வகுத்த புகழ்பெற்ற வடிவம் உட்பட, தப்பியோடும் கிராஃபிஷைக் காட்டும் வடிவங்களில் வால் காதுப்பக்கமும் கொடுக்குகள் வளைவுப்பக்கமும் அமைகின்றன. விளம்பரப் படத்திலும் அப்படித்தான் இருந்தது. கைக்கு வந்ததில் எல்லாம் தலைகீழ். போதாததற்கு, படத்தில் பாசிநிறமாக இருந்தது பளீர்ச் சிவப்பாக மாறியிருந்தது. உயிருடனேயே செந்நிறம் கொண்ட இனங்கள் உண்டு என்றாலும், பெரும்பாலானவை பழுப்பும் பாசிநிறமும் கலந்தவை. புரதத்தோடு பிணைந்திருக்கும் அஸ்டாக்சாந்தின் நிறமி வெப்பத்தால் விடுபடும்போதுதான் அவை சிவக்கின்றன. வேகவைத்த கிராஃபிஷை எந்த மீனும் தேடி வருவதாக நான் அறியேன்.

விற்பனையாளர் முதலில் டங்ஸ்டன்தான் என்று உறுதியளித்தார். எடைக் கணக்கையும் சுரண்டிய கண்ணின் படத்தையும் அனுப்பிய பிறகு, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார். பிரிக்காமல் எடை போடுவது எப்படி என்ற கேள்விக்குப் பதில் இல்லை. விற்பனைப் பக்கத்தில் நான் எழுதிய கருத்தும் நீக்கப்பட்டுவிட்டது. பணம் செலுத்திய சேவையிடம் முறையீடு செய்து, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் உரையாடலையும் இணைத்துள்ளேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் மிச்சமுள்ள கண்களைக் கட்டிவிடாமல் முதலில் எடை போட்டுப் பாருங்கள். முறையீட்டுக்கான கால வரம்பு முடிவதற்குள் அதைச் செய்துவிடுவது நல்லது.