கடிவாளமா, ஆட்சியா? காதை நம்பி எழுதுற இங்கிலீஷ்

மக எஸ்பிஎம்முக்கு (மலேசியாவுல ஐந்தாம் படிவத்துல எழுதுற அரசுத் தேர்வு) எழுதிப் பழகுற இங்கிலீஷ் கட்டுரைய கொண்டாந்து காட்டினா, முழுச் சுதந்திரம் குடுக்குறதச் சொல்ற ‘ஃப்ரீ ரெய்ன்’ல (free rein) நடுவுல ஒரு ஜி இருந்துச்சு, reignனு. “ராஜா ஆளுறது தானேப்பா, யாரும் தடுக்காம ஆளுறது, அர்த்தம் சரியா வருதே”ன்னா. நானும் ரொம்ப வருஷம் ஜி போட்டுத்தான் ஆபீஸ் இமெயில் அனுப்பிக்கிட்டு இருந்தேன், அதனால அவ சொல்றது எனக்குப் புரியுது.

ஆனா என் ஓட்டு ஜி இல்லாததுக்குத்தான். ஜி போட்டா ஆட்சி, போடலன்னா குதிரையோட கடிவாள வார். பினாங்கு பத்து கந்தோங்ல 1864ல ஆரம்பிச்ச குதிரைப் பந்தய கிளப் இருந்துச்சே, அங்க காலையில குதிரைங்கள ஓட்டிப் பழக்குறத சின்ன வயசுல வேலியோரமா நின்னு பார்த்திருக்கேன், வாரை ரெண்டு கையிலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வருவாங்க, ஒரு இடம் வந்ததும் கை முன்னாடி போகும், வார் தொய்யும், குதிரை பிச்சுக்கிட்டுப் போகும். அந்தத் தொய்வுதான் ஃப்ரீ ரெய்ன். இத சொன்னப்புறம் மக அவளே ஜிய அடிச்சிட்டா.

இதுல பெரிய சிக்கல் என்னன்னா கம்ப்யூட்டர நம்பி இருக்க முடியாது. ரெண்டுமே அகராதியில உள்ள சொல்லு, சிவப்புக் கோடு விழாது, காதுக்கும் ரெண்டும் ஒண்ணுதான், அப்போ எது கண்ணுக்குள்ள படமா நிக்குதோ அத பிடிச்சுக்கிட்டாதான் எழுதும்போது கை தப்பாது. சொன்னபடி கேட்டு நடக்குறதச் சொல்ற ‘டோ த லைன்’னும் இப்படித்தான், கோட்டுல கால் விரல (toe) வெச்சு நிக்கிறது, லாரி வண்டிய இழுக்குற டோ (tow) இல்ல.

‘இன்டென்சிவ் பர்ப்பசஸ்’ பத்தி ரொம்ப பேச வேணாம், எப்படிப் பார்த்தாலும்னு அர்த்தம் வர்ற ‘இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பசஸ்’தான் (intents and purposes) சரி, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து சட்டத்துல இருந்து வந்த வாசகம். ‘நிப் இட் இன் த பட்’டும் அப்படியே, மொட்டுலயே (bud) கிள்ளுறது, பின்பக்கத்துக்கும் (butt) அதுக்கும் சம்பந்தமே இல்ல.

‘குட் கேர் லெஸ்’ (could care less) விஷயத்துல மட்டும் நான் அவ்வளவு அடிச்சுப் பேச மாட்டேன். கணக்குப் பார்த்தா ‘குடன்ட்’தான் (couldn't) சரி, இதவிடக் குறைவா கவலைப்பட முடியாதுன்னு அர்த்தம், ஆனா அமெரிக்காவுல நிறைய பேரு ‘குட்’னே சொல்றாங்க, கேக்குறவங்களுக்கும் புரியுது. பேசுறப்ப எப்படியோ சொல்லிக்கோ, பேப்பர்ல ‘குடன்ட்’னு எழுதும்மான்னு மக கிட்ட சொல்லியிருக்கேன்.