813 நானோமீட்டர் லேசருடன் நான்கு ஆண்டுகள்

ஸ்ட்ரான்சியம்-87 அணுக்கடிகாரத்தில், அணுக்களைப் பிடித்துவைக்கும் ஒளி கடிகாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாத அலைநீளத்தை (மாய அலைநீளம்) அளப்பதற்காக, டயோடு லேசரோடு அதன் ஒளியைப் பெருக்கும் சிப்பான டேப்பர்ட் ஆம்ப்ளிஃபையர் சேர்ந்த ஒளிமூலத்தை இரண்டரை ஆண்டுகளும், பின்னர் டைட்டானியம்-சஃபையர் லேசரை ஒன்றரை ஆண்டுகளும் பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றில் ஒன்றை வாங்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

அணுக்களைப் பிடித்துவைக்கும் ஒளியே அவற்றின் ஆற்றல் நிலைகளையும் நகர்த்திவிடுகிறது. கடிகாரத்தின் துடிப்பைத் தரும் 698 நானோமீட்டர் ஆற்றல்நிலை மாற்றத்தின் (கடிகார மாற்றம்) மேல்நிலையும் கீழ்நிலையும் ஒரே அளவு நகர்ந்தால் அவற்றின் இடைவெளி மாறாது என்பதே ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெடோஷி கடோரி 2000களின் தொடக்கத்தில் முன்வைத்த வழி. அப்படி நிகழும் அலைநீளமே மாய அலைநீளம்; ஸ்ட்ரான்சியத்துக்கு அது ஏறத்தாழ 813.43 நானோமீட்டர். அணுக்களைப் பிடித்துவைக்கும் ஒளிப்பொறியின் ஆழத்தை, அதாவது ஒளிச்செறிவை, மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் கடிகார அதிர்வெண்ணை ஒப்பிட்டு, வேறுபாடு சுழியாகும் அலைநீளத்தை, அதாவது சுழிப்புள்ளியைத் தேடுகிறோம்.

முதல் ஒளிமூலம் விலை மலிவு, ஒளித்திறனிலும் குறையில்லை. ஆனால் திங்களன்று கிடைத்த சுழிப்புள்ளி வியாழனன்று வேறிடத்தில் நின்றது. அலைநீளம் அளக்கும் வேவ்மீட்டரைச் சந்தேகித்து, ஒளியின் அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக அளக்கும் ஃப்ரீக்வென்சி கோம்ப் கொண்டு சரிபார்த்தோம். காந்தப்புலத்துக்கும் ஒளியின் தளவிளைவுத் திசைக்கும் (ஒளியலை அதிரும் திசை) இடையிலான கோணத்தையும் திருத்தினோம் (இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்). பயனில்லை. ஆம்ப்ளிஃபையர் லேசர் ஒளியோடு பல நானோமீட்டர் அகலத்துக்குத் தன்னிச்சை உமிழ்வையும் (சிப் தானாக வெளியிடும் பரவலான ஒளி) கசியவிடுகிறது. திறனில் அதன் பங்கு மிகச் சிறிதானாலும், அது மாய அலைநீளத்தில் இல்லாததால் அணுக்களைத் தன் பங்குக்கு நகர்த்துகிறது. மின்னோட்டமும் வெப்பநிலையும் சிப்பின் வயதும் மாறும்போதெல்லாம் இக்கசிவின் வடிவமும் மாறியது. அதோடு எங்கள் சுழிப்புள்ளியும் அலைந்தது. குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் பிரித்தெடுக்கும் வால்யூம் பிராக் கிரேட்டிங் வைத்து வடிகட்டியதும் அலைச்சல் பெருமளவு அடங்கியது, எனினும் முற்றிலும் நிற்கவில்லை. 429 டெராஹெர்ட்ஸில் துடிக்கும் கடிகாரத்தில் ஒரு ஹெர்ட்ஸின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் துரத்துகிறவர்களுக்கு அந்த மிச்சமே பெரிது.

டைட்டானியம்-சஃபையர் லேசரில் இத்தொல்லை மிகக் குறைவு. மாறாக, அதற்கு ஆற்றலூட்டும் 532 நானோமீட்டர் பம்ப் லேசரின் விலை, குளிர்நீர்ச் சுற்று, கண்ணாடிகளில் படியும் தூசு, அளவீட்டின் நடுவே லேசரின் அதிர்வெண் திடீரென மாறிவிடும் மோடு தாவல் என்று வேறு வேலைகள் வைக்கிறது. காலையில் அரை மணி நேரம் கண்ணாடி திருகாமல் எதுவும் தொடங்காது. ஆனாலும் வாரக்கணக்கில் எடுத்த சுழிப்புள்ளிகள் பிழைவரம்புக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதை இதில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். மிக ஆழமான பொறியில் ஒளிச்செறிவின் இருபடியைச் சார்ந்த பெயர்ச்சியும் தலைகாட்டும். அதற்கு எந்த லேசரும் பொறுப்பல்ல.

மாய அலைநீளத்தை அளப்பதே நோக்கமென்றால் டைட்டானியம்-சஃபையரையே வாங்குங்கள். எங்கள் பழைய ஆம்ப்ளிஃபையர், அணுக்களை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் நகரும் பொறியில் இப்போது குறையின்றி உழைக்கிறது.