முனையா, அகலமா, வயதா: வெள்வால் மான் மேலாண்மையின் போட்டி வழிகள்

வேட்டையின் தரம் உயர வேண்டும் என்று கேட்கும் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்பதில்லை. சிலருக்குப் பருவம் முழுவதும் மான்கள் அடிக்கடி கண்ணில் பட வேண்டும். வேறு சிலருக்கு, பல நாள் காத்திருப்புக்குப் பின் ஒரே ஒரு மான் வந்தாலும் அது நான்கைந்து வயது நிரம்பிய, கொம்பு விரிந்த ஆண் மானாக இருக்க வேண்டும். இவ்விரு விருப்பங்களும் ஒரே காட்டில் நெடுங்காலம் சேர்ந்திருக்க முடியாது என்பதுதான் வெள்வால் மான் மேலாண்மையின் அடிப்படைச் சிக்கல். கடந்த நூறாண்டுகளில் அங்கே முயன்று பார்க்கப்பட்ட ஒவ்வொரு வழியும் இவற்றில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்றிருக்கிறது. வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அயலார் வழக்காகத் தோன்றலாம். ஆனால் எந்த விதி ஒரு கூட்டத்தின் வயதமைப்பை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கு, இவ்வளவு விரிவாகப் பதிவான விடை வேறு எந்தக் காட்டு விலங்குக்கும் கிடைப்பது அரிது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். மான் கொம்பு குளிர்காலத்தில் உதிர்ந்து, இளவேனிலில் மென்தோல் போர்த்தி மறுபடி முளைக்கிறது. அதன் பருமனைத் தீர்மானிப்பவை வயது, உணவு, மரபு ஆகிய மூன்றுமே. ஒன்றரை வயதில் ஓர் ஆண் மான் தன் முழு வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான கொம்பையே தாங்குகிறது. ஐந்து, ஆறு வயதில்தான் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே ஒரு வழி நல்லதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும்: அது இளம் ஆண்களை முதிர விடுகிறதா, இருக்கும் மான்களுக்குப் போதிய உணவை மிச்சம் வைக்கிறதா? வேட்டைக்காரர்கள் மிகுதியாகப் பேசும் மரபுக்கு இந்தக் கணக்கில் ஏன் கடைசி இடம் என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

பழைய வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் மான்கள் அற்றுப்போகும் நிலையில் இருந்தன. 1906-இல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். 1907-இல் கொம்புள்ள ஆண்களை மட்டுமே சுடலாம் என்று சட்டம் இயற்றினார்கள். அந்தச் சூழ்நிலைக்கு அதைவிடப் பொருத்தமான விதி இருந்திருக்க முடியாது. சில பத்தாண்டுகளுக்குள் மான் கூட்டம் பெருகியது. பெருகிய பிறகும் விதியின் மனப்பான்மை மாறவில்லை. பெண் மானைச் சுடுவது குடும்ப மரியாதைக்கே இழுக்கு என்று கருதும் இரண்டு மூன்று தலைமுறைகள் உருவாகிவிட்டன.

விளைவைக் காட்டில் காணலாம். மரக்கன்றுகளையும் ட்ரில்லியம் போன்ற காட்டுப்பூச்செடிகளையும் மான்கள் மேய்ந்து தீர்த்தபின், அவை தொட விரும்பாத பெரணிகள் தரை முழுவதும் பரவின. விதைத்தாலும் அடுத்த தலைமுறை மரம் எழவில்லை. மறுபுறம், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுடப்பட்ட ஆண் மான்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒன்றரை வயதுக் குட்டிகளாக இருந்தன. இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதும் உண்டு: கொம்பு தெரிந்தால் சுடலாம் என்ற விதியைச் சிறுவனும் பிழையின்றிப் பின்பற்றுவான், காட்டில் மான்களும் ஏராளமாகத் தென்படும். எண்ணிக்கையைத் தரமாகக் கருதுபவருக்கு இது பொற்காலம்தான்.

முனையை எண்ணுவதும் அகலத்தை அளப்பதும்

இளம் ஆண்களைக் காப்பாற்றும் சட்டங்களில் இரண்டு வகைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று கொம்பின் முனைகளை எண்ணச் சொல்கிறது, மற்றொன்று இரு கொம்புகளுக்கும் இடையிலான உள்ளகலத்தைப் பார்க்கச் சொல்கிறது. மேலோட்டமாக இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், எந்த இளம் மான் தப்புகிறது என்பதில் இவை பெரிதும் வேறுபடுகின்றன.

மிசிசிப்பி மாநிலம் 1995-இல் இரு கொம்புகளிலும் சேர்த்து நான்கு முனைகளாவது இருந்தால்தான் சுடலாம் என்று விதித்தது. நோக்கம் நல்லதே, ஆனால் நல்ல உணவு கிடைத்து நன்றாக வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கு நான்கு முனைகள் எளிதில் வந்துவிடுகின்றன. எனவே ஒரே ஆண்டில் பிறந்தவற்றுள் சிறந்தவை முதல் பருவத்திலேயே சட்டப்படி சுடப்பட்டன; நலிந்தவை காப்பாற்றப்பட்டு அடுத்த வயதுக்குச் சென்றன. சில ஆண்டுகள் கழித்து இரண்டரை, மூன்றரை வயது மான்களின் கொம்புகளை அளந்த ஆய்வாளர்கள், மாநிலத்தின் சில பகுதிகளில் அவை முன்பைவிடச் சிறுத்திருப்பதைக் கண்டார்கள். இனத்தின் மரபு கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. முந்திரியை முதலில் பொறுக்கித் தின்றபின் கிண்ணத்தில் மிக்சர் மட்டும் மிஞ்சுவது போல, ஒவ்வொரு வயதிலும் நல்லவை கழிந்து மற்றவை எஞ்சின. பின்னாளில் மிசிசிப்பி முனைக்கணக்கை விட்டு, உள்ளகலத்தையும் கொம்பின் முதன்மைத் தண்டின் நீளத்தையும் அளவாகக் கொண்டது.

பென்சில்வேனியா 2002-இல் முனைக்கணக்கையே ஏற்றாலும் வரம்பை உயர்த்தியது. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனைகள், உணவு வளம் மிகுந்த மேற்குப் பகுதிகளில் நான்கு முனைகள் என்று நிலத்துக்கேற்ப அளவை மாற்றியதால், ஒன்றரை வயது மான்களில் பாதிக்கும் மேல் தப்பின. இன்று அங்கே சுடப்படும் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டரை வயதும் அதற்கு மேலும் உள்ளவை. ஒரே வகை விதி இரு மாநிலங்களில் இருவேறு பலன் தந்ததற்கு வரம்பின் உயரமே முதற்காரணம். இரண்டாவது காரணமும் உண்டு: பென்சில்வேனியா அதனோடு பெண் மான் வேட்டையையும் சேர்த்து விரிவுபடுத்தியது. அத்திட்டத்துக்குத் தலைமை தாங்கிய உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகச் சென்று கூட்டங்கள் நடத்தி வேட்டைக்காரர்களிடம் வாதாடினார். கொம்பு விதியை மெல்ல ஏற்றவர்கள் பெண் மான் விதியை மன்னிக்கவே இல்லை. 2004 இறுதியில் அவர் பதவியை விட்டு விலகினார்.

டெக்சாஸ் அதே 2002-இல் லீ, ஃபயெட், ஆஸ்டின், கொலராடோ, லவாக்கா, வாஷிங்டன் ஆகிய ஆறு கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற உட்பிரிவுகளில்) வேறு அளவை முயன்றது. உள்ளகலம் 13 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் சுடலாம், அல்லது ஒரு கொம்பாவது கிளைக்காமல் ஒற்றை முனையாக இருந்தால் சுடலாம். 13 அங்குலம் என்பது அப்பகுதி ஆண் மான் காதுகளை விறைத்து நிற்கும்போது ஒரு காது நுனிக்கும் மறு காது நுனிக்கும் உள்ள தொலைவு. கொம்பு காதுகளைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். கிளைகளுக்கு நடுவே நிற்கும் மானின் முனைகளைத் தொலைநோக்கியில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முனைகள் ஒன்றரை வயதிலேயே பல வந்துவிடலாம், ஆனால் அகலம் வயதோடு விரிவது; ஆகவே நன்றாக வளர்ந்த இளம் மானும் இந்த விதியில் தப்பிவிடுகிறது. மிசிசிப்பி வாங்கிய அடிக்கு இது நேரடி மருந்து. இவ்விதி பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்கு விரிந்தது. குறுகிய கொம்போடே முதிரும் கிழ மான்களை எப்போதும் தப்பவிடுவது இதன் குறை என்பார்கள். அந்த இழப்பு பொறுக்கத்தக்கது என்பது என் எண்ணம். மாநில அளவில் கட்டாய விதி ஒன்று வேண்டுமென்றால் நான் அகலத்தின் பக்கமே நிற்பேன்.

பெண் மான் என்ற கசப்பு மருந்து

கொம்பு விதிகள் முதல் கேள்விக்கு மட்டுமே விடையளிக்கின்றன. ஆண்கள் முதிர்ந்தாலும் தின்னக் காடு இல்லையென்றால் கொம்பு பெருக்காது. உணவை மிச்சம் பிடிக்கும் ஒரே வழி பெண் மான்களைக் குறைப்பது. விஸ்கான்சின் இதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. ஆண் மானைச் சுடும் உரிமை வேண்டுமானால் முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்ட வேண்டும் என்ற விதியை 1996-இல் அது கொண்டுவந்தது. எண்ணிக்கையைக் குறைப்பதில் இதற்கு இணையான கருவி இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய மானைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவர்களின் கோபத்துக்கு அரசியல் தாங்கவில்லை. 2011-இல் சட்டம் இயற்றியே அதை ஒழித்தார்கள்.

இதற்கு எதிரான வழி நில உடைமையாளர்கள் ஒன்றுகூடித் தாமாகச் செய்வது. பென்சில்வேனியாவின் மெக்கீன் கவுண்டியில் கின்சுவா கூட்டுத்திட்டம் 2000-இல் ஏறத்தாழ 74,000 ஏக்கர் காட்டில் தொடங்கியது. சதுர மைலுக்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவாக இருந்த மான்களைப் பெண் மான் அனுமதிச் சீட்டுகள் வழியாகச் சில ஆண்டுகளில் பாதியளவுக்குக் குறைத்தார்கள். மரக்கன்றுகள் மீண்டும் எழுந்தன, மான்களின் உடல் எடை கூடியது, கொம்புகளும் பருத்தன. விலையும் கொடுத்தார்கள்: முன்பு நாளுக்குப் பல மான்களைப் பார்த்துப் பழகியவர்கள் வெறுங்காட்டைப் பார்த்துத் திரும்பினார்கள், அவர்களில் பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தரம் என்ற சொல்லை இருவேறு பொருளில் வைத்திருந்தவர்களின் மோதல் இங்கேதான் மறைக்க முடியாமல் வெளிப்பட்டது.

கூட்டுத்திட்டத்துக்குப் பரப்பளவே உயிர்நாடி. வெள்வால் மானின் ஒன்றரை வயது ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவை பிறந்த இடத்தை விட்டுப் பல மைல் தொலைவுக்குப் பெயர்ந்துவிடுகின்றன. நூறு ஏக்கர் வைத்திருப்பவர் விட்டுவைத்த இளம் மான் அடுத்தவர் நிலத்தில் சுடப்படுவது தற்செயல் அல்ல, அதுவே வழக்கம். 1988-இல் தென் கரோலினாவில் ஜோ ஹாமில்டன் தொடங்கிய தரமான மான் மேலாண்மைச் சங்கம் அண்டை நிலத்தார் கூட்டணிகளை வலியுறுத்தியதன் காரணம் இதுவே. அச்சங்கம் 2020-இல் வேறோர் அமைப்போடு இணைந்து தேசிய மான் சங்கம் ஆனது. சட்டம் இல்லாமல் இணக்கத்தால் நடப்பதால், இங்கே முனையும் அகலமும் தேவையில்லை. தொங்கும் வயிறு, பருத்த கழுத்து, நீளம் குறைந்ததாகத் தோன்றும் கால்கள் ஆகியவற்றைப் பார்த்து வயதையே மதிப்பிட்டுச் சுடலாம். கற்றவர்களுக்கு இதைவிடத் துல்லியமான முறை இல்லை. மாநிலம் முழுவதும் கட்டாயமாக்க இதைவிடப் பயனற்ற முறையும் இல்லை.

மரபைத் திருத்தும் ஆசை

டெக்சாஸின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1970-களில் தொடங்கிய அடைப்பிட ஆய்வு, ஒற்றை முனைக் கொம்போடு தொடங்கும் இளம் மான்கள் பிற்காலத்திலும் பின்தங்குகின்றன என்றும் அதில் மரபுக்குப் பங்குண்டு என்றும் காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு, குறைக்கொம்பு மான்களைக் களையெடுத்தால் கூட்டத்தின் மரபு தேறும் என்று பண்ணையாளர்கள் பல்லாண்டுகள் சுட்டுவந்தார்கள். அடைப்பில் தந்தை யார் என்று தெரியும், உணவு ஒரே சீராக இருக்கும். திறந்த வெளியில் இரண்டும் இல்லை. தெற்கு டெக்சாஸின் கொமான்சே பண்ணையில் கிங்ஸ்வில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி மான்களைப் பிடித்து, அளந்து, வரம்புக்குக் கீழானவற்றை ஆண்டுதோறும் நீக்கிப் பார்த்தார்கள். தீவிரமாகக் களையெடுத்த பகுதியில் ஆண்களின் எண்ணிக்கை சரிந்தது, கொம்போ பெருக்கவில்லை. மழை பொய்த்த ஆண்டில் பெரும்பாலான இளம் மான்கள் வரம்பைத் தொடாமல் போனது ஒரு காரணம். கொம்பின் மரபில் பாதி, கொம்பே இல்லாத தாயிடமிருந்து வருகிறது. மேலும் ஒரே ஈற்று இரட்டைக் குட்டிகளுக்குள்ளும் தந்தை வேறுபடுவது அரிதல்ல. காட்டு மானின் மரபைத் துப்பாக்கியால் திருத்துவது செலவு மிக்க மூடநம்பிக்கை என்றே கருதுகிறேன்.

எட்டடி வேலிக்குள் செயற்கைக் கருவூட்டலும் தீவனமும் கொடுத்து இரண்டு மூன்று வயதிலேயே பேருருக் கொம்பு வளர்ப்பவர்கள் இந்தச் சிக்கல்களைத் தாண்டிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அது கால்நடை வளர்ப்பு. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் அத்தகைய மான்களைத் தன் சாதனைப் பட்டியலில் ஏற்பதில்லை. இந்த ஒப்பீட்டிலும் அவற்றுக்கு இடமளிக்கத் தேவையில்லை.

நோய் மாற்றிய கணக்கு

1967-இல் கொலராடோவின் ஆய்வுக்கூட அடைப்பொன்றில் முதன்முதலாகக் காணப்பட்ட, சிடபிள்யூடி எனப்படும் மூளை அழிவு நோய் இப்போது இந்த விவாதம் முழுவதையும் அசைத்துவிட்டது. பிரியான் என்ற உருத்திரிந்த புரதத்தால் வரும் இந்நோய்க்கு மருந்தில்லை, மண்ணிலும் அது ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. முதிர்ந்த ஆண்களிடம் தொற்று பெண்களைவிட மிகுதி. அவை இணைசேர் பருவத்தில் தொலைவு அலைவதால் பரப்பும் வாய்ப்பும் மிகுதி. அதாவது, தரம் கருதிக் காப்பாற்றிய அதே வயதினர்தான் நோயைச் சுமப்பவர்கள். கூட்டத்தைக் குறைக்கும் பெண் மான் வேட்டை மட்டுமே இரு நோக்கங்களுக்கும் ஒத்துவருகிறது. மிசௌரி, நோய் காணப்பட்ட கவுண்டிகளில் முனைக்கணக்கு விதியை நீக்கி இளம் ஆண்களைச் சுட அனுமதித்தது; நோய் எட்டாத சில கவுண்டிகளில் விதியைத் தொடர்ந்தது. அகல விதியை ஆதரிக்கும் நானும், நோய் உறுதியான நிலத்தில் அதைக் கைவிடவே சொல்வேன். அங்கே முதிர்ந்த கொம்புக்காகக் காத்திருப்பவர் பக்கத்து மாவட்டத்தின் மான்களையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.